மூன்று கண்களும் வெளுத்தன

கோழித் தலைகள் வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டால் ஹாஃபிஸா பெட்டியைத் திறக்கவே மாட்டாள். அப்படியே திருப்பி அனுப்பிவிடுவாள். மும்பை செம்பூரில் அவள் வேலை பார்த்த பரிசோதனைக்கூடத்தில் இது எல்லோருக்கும் தெரியும்.

காலையில் கறிக்காக அறுத்த கோழிகளின் தலைகளை, ஈரத்துணி விரித்த பெட்டியில் வைத்து பைக்கில் கொண்டுவருவார்கள். ஐஸ் போடக் கூடாது. எப்படியும் குப்பைக்குப் போகிற தலை அது. கண்ணைக் கீறல் படாமல் எடுத்து, கவ்வியில் நிறுத்தி, மேலே உப்புநீர் சொட்டிக்கொண்டே இருக்கும்படி வைத்தால் சில மணி நேரத்துக்கு அது உயிருள்ள கண்ணைப் போலவே இருக்கும். சோதிக்க வேண்டிய ரசாயனத்தை அதன்மேல் பத்து விநாடி விட்டுக் கழுவுவார்கள். கருவிழி வீங்குகிறதா, வெளுக்கிறதா என்று நாலு மணி நேரம் பார்த்து, சேதத்துக்கு ஏற்ப மதிப்பெண் போட்டுக் குறிப்பெடுப்பார்கள். ஒரு காலத்தில் இதே சோதனையை உயிரோடிருக்கும் முயலின் கண்ணில் செய்து, அது நாள்கணக்கில் தவிப்பதைப் பார்த்து எழுதினார்கள்.

ஹாஃபிஸாவுக்கு வயது முப்பத்தாறு. பெற்றோர் கடையநல்லூர்ப் பக்கம். பிறந்து வளர்ந்தது தாராவி. பி.எஸ்ஸி. முடித்த கையோடு இந்த வேலைக்கு வந்து பதினைந்து வருஷம் ஆகியிருந்தது. தான் செய்கிற வேலை நல்ல வேலை என்று அவள் மனதார நம்பினாள்.

அந்த மார்ச் மாதம் ஒரு கம்பெனி, கறை எடுக்கும் திரவம் ஒன்றைச் சோதனைக்கு அனுப்பியது. துணிப் பட்டறைகளில் தையல் மிஷின் எண்ணெய் பட்ட இடத்தில் துப்பாக்கி மாதிரி ஒன்றால் பீய்ச்சி அடிப்பார்களே, அந்தத் திரவம். மூடியைத் திறந்ததுமே மூக்கில் ஊசி குத்தியது போல ஒரு நெடி. சோதனைக்கு வைத்த மூன்று கண்களும் அரை மணி நேரத்துக்குள் அவித்த முட்டை போல வெளுத்துவிட்டன. கண்ணுக்குக் கடுமையான, நிரந்தரமான சேதம் என்று ஹாஃபிஸா நோட்டில் எழுதினாள். அங்கே பென்சில் கிடையாது. எதையும் அழிக்கக் கூடாது. தாளைக் கிழிக்கக் கூடாது.

நாலு வாரம் கழித்து அதே பெயரில் இன்னொரு பாட்டில் வந்தது.

"கம்பெனிக்காரா ஃபார்முலாவை மாத்திட்டா ஹாஃபிஸா. இன்னொரு தடவை பண்ணிப் பாருங்கோ" என்றார் வைத்தீஸ்வரன். அவர்தான் கூடத்தின் மேலாளர். மாட்டுங்காக்காரர், யாரையும் அதட்டிப் பேசி அறியாதவர். இந்த முறை நெடி இல்லை. கண்கள் பளிச்சென்றே இருந்தன. ஹாஃபிஸா அறிக்கையில் கையெழுத்துப் போட்டாள். தன் சோதனையால் ஒரு கம்பெனி திருந்திவிட்டது என்று அன்று வீட்டில் பெருமையாகச் சொல்லவும் செய்தாள்.

ஜூலையில் ஒரு நாள் சாயங்காலம் அவள் வேலை முடிந்து வந்தபோது, அடுத்த வீட்டு முருகம்மாள் ஈரத்துணியால் இடக்கண்ணைப் பொத்திக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள். தாராவியிலேயே காலா கில்லா பக்கம் ஒரு துணிப் பட்டறையில் கறை எடுக்கிற வேலை அவளுக்கு.

"என்னக்கா ஆச்சு?"

"காலையில துப்பாக்கி ஒழுகி கண்ணுல தெறிச்சிட்டு பிள்ள. மூஞ்சியக் கழுவிட்டு வேலயப் பாருன்னுட்டாரு சேட்டு. டப்பாவுல சேஃப்னு போட்டிருக்காம்லா. நானும் ஒரு மக் தண்ணி ஊத்திட்டுப் பாத்துக்கிட்டுதான் இருந்தேன். இப்பத் தொறக்கவே முடியல."

ஹாஃபிஸா துணியை விலக்கிப் பார்த்தாள். கருவிழி வெளுத்திருந்தது. இதற்கு எத்தனை மதிப்பெண் போடலாம் என்று அவள் மனசு பழக்கதோஷத்தில் கணக்குப் போட்டது. அதற்காகத் தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது அவளுக்கு. உடனே டாக்ஸி பிடித்து சயான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். பட்ட உடனே கால் மணி நேரம் விடாமல் தண்ணீர் விட்டுக் கழுவியிருந்தால் இவ்வளவு ஆகியிருக்காது என்று டாக்டர் சொன்னார். ஒரு பகல் முழுக்க வீணாகப் போயிருந்தது.

மறுநாள் காலையில் முதல் வேலையாகப் பட்டறைக்குப் போனாள். முதலாளி ஷேக் பரீத் அவள் கேட்பதற்கு முன்பே டப்பாவைத் தூக்கிக் காட்டினார்.

"நீங்களே படிச்சுப் பாருங்க. கண்ணுக்குப் பாதுகாப்பானதுன்னு போட்டிருக்கான். லேப்ல சோதிச்சதுன்னும் போட்டிருக்கான். நான் என்னத்தக் கண்டேன்?"

போட்டுத்தான் இருந்தது. பக்கத்தில் சிரித்த முகத்தோடு ஒரு முயல் படம்; எந்த விலங்கையும் துன்புறுத்தாமல் சோதித்தது என்று கீழே ஒரு வரி. அதற்கும் கீழே அவளுடைய கூடத்தின் பெயர். ஹாஃபிஸா மூடியைத் திறந்தாள். மார்ச் மாதத்து அதே நெடி. ஷேக் பரீத்திடம் கேட்டு ஒரு பாட்டிலில் கொஞ்சம் ஊற்றி வாங்கிக்கொண்டு நேரே செம்பூர் போனாள்.

யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. அன்றைய கோழிக் கண்களில் மூன்றை எடுத்து, கூட வேலை செய்கிறவர்கள் பார்க்கும்போதே சோதனையை நடத்தினாள். மூன்றும் வெளுத்தன. பிறகு மாதிரிகள் வந்து சேருவதைப் பதிகிற ரிஜிஸ்டரைப் புரட்டினாள். இரண்டாவது பாட்டிலுக்கு நேரே, 'ஒரு பங்குக்கு இருபது பங்கு தண்ணீர் கலந்தது, போனில் பேசியபடி' என்று எழுதியிருந்தது. வைத்தீஸ்வரனின் கையெழுத்து. அறிக்கையில் அந்த விஷயம் ஒரு வார்த்தைகூட இல்லை.

ரிஜிஸ்டரை அவர் மேஜைமேல் விரித்துப் போட்டாள்.

"இது என்ன சார்?"

வைத்தீஸ்வரன் நிதானமாகப் படித்தார். "உக்காருங்கோ ஹாஃபிஸா. நம்ம ரிப்போர்ட்ல தப்பே இல்லை. அனுப்பின சாம்பிளுக்கு ரிசல்ட் குடுத்தோம். அவா டப்பாவுல என்ன ரொப்பறான்னு பாக்கறது நம்ம வேலையா?"

"தண்ணி கலந்து அனுப்பச் சொன்னது யாரு? முதல் ரிப்போர்ட் எங்க?"

"அது வேண்டாம்னு கிளையண்ட்டே சொல்லிட்டா. எல்லா லேப்லயும் நடக்கறதுதான்."

"ஒரு பொம்பளைக்குக் கண்ணு போச்சு சார்!"

"ரொம்ப வருத்தமான விஷயம்தான். ஆனா நன்னா யோசிச்சுக்கோங்கோ. அந்த ரிப்போர்ட்ல கையெழுத்து உங்களோடது."

அவர் குரல் கொஞ்சமும் ஏறவில்லை. அதுதான் ஹாஃபிஸாவை உலுக்கிவிட்டது. கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள்.

"ஆமா, என் கையெழுத்துதான். என்னை முட்டாளாக்கிப் போட வச்ச கையெழுத்து! முயலக் காப்பாத்தியாச்சுன்னு படம் வேற போட்டிருக்கான். முயல எடுத்துட்டு அந்த இடத்துல எங்க தெருப் பொம்பளய நிறுத்தியிருக்கிய. பத்து விநாடி இல்ல சார், ஒரு பகல் பூரா அவ கண்ணுல கெடந்திருக்கு அது!"

மறுநாளிலிருந்து வர வேண்டாம் என்று மெயில் வந்தது. அதைப் படித்த கையோடு, பரிசோதனைக்கூடங்களுக்கு அங்கீகாரம் கொடுக்கிற அமைப்புக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தாள். நோட்டு எண், பக்க எண், தேதி எல்லாம் அவளுக்கு மனப்பாடம். தண்ணீர் கலந்ததை அறியாமல் இரண்டாவது அறிக்கையில் தானே கையெழுத்துப் போட்டதையும் மறைக்காமல் எழுதினாள்.

பதிலுக்காக அவள் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. ஒரு கறுப்பு மார்க்கர் பேனாவை எடுத்துக்கொண்டு, கண்ணில் கட்டோடு இருந்த முருகம்மாளையும் கூட்டிக்கொண்டு பட்டறை பட்டறையாக ஏறி இறங்கினாள். அந்த டப்பா கண்ணில் பட்ட இடத்திலெல்லாம், அதன்மேல் 'கண்ணில் பட்டால் கால் மணி நேரம் தண்ணீர் விடு, உடனே ஆஸ்பத்திரிக்குப் போ' என்று இந்தியிலும் தமிழிலும் எழுதினாள். படிக்கத் தெரியாதவர்களுக்காக ஒரு கண்ணும் குழாயும் வரைந்தாள். சில முதலாளிகள் விரட்டினார்கள். ஒருவர், "அரே, சரக்கு மேல கிறுக்காதீங்க" என்று டப்பாவைப் பிடுங்கப் பார்த்தார். முருகம்மாள் கட்டை அவிழ்த்துக் கண்ணைக் காட்டினாள். அவர் கையை எடுத்துவிட்டார்.

செப்டம்பரில் அமைப்பின் ஆட்கள் முன்னறிவிப்பில்லாமல் கூடத்துக்கு வந்து நோட்டைக் கேட்டார்கள். மார்ச் மாதத்து முதல் சோதனையின் பக்கம் அப்படியே இருந்தது. கூடத்தின் அங்கீகாரம் ஆறு மாதத்துக்கு நிறுத்திவைக்கப்பட்டது. ஆறே மாதம்! கம்பெனி புது டப்பாக்களில் அபாயக் குறி போட்டது. முயல் படத்தை எடுக்கவில்லை. ஏற்கெனவே விற்ற டப்பாக்களைத் திரும்பப் பெறவும் இல்லை. ஆறு மாதம் முடிந்ததும் கூடம் திறந்தது. வைத்தீஸ்வரன் அதே அறையில் அதே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார் என்று பழைய சிநேகிதி ஒருத்தி போனில் சொன்னாள்.

இப்போது ஹாஃபிஸாவுக்குத் தானே நகரில் வேறொரு கூடத்தில் வேலை. முருகம்மாளின் நஷ்டஈட்டு வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஹாஃபிஸாவும் லீவு போட்டுவிட்டுப் போகிறாள். முருகம்மாளின் இடக்கண்ணுக்கு வெளிச்சம் மட்டும் தெரிகிறது. கோர்ட்டுக்கு முன்னால் சாலையைக் கடக்கும்போது, வண்டி வருகிறதா என்று பார்க்க அவள் கழுத்தையே முழுதாக இடப்பக்கம் திருப்ப வேண்டியிருக்கிறது. அதைப் பார்த்ததிலிருந்து ஹாஃபிஸா எப்போதும் அவளுக்கு இடப்பக்கமாகவே நடக்கிறாள்.