மணிக்கட்டுப் படம்

என் அண்ணன் இளங்கோவனை யாராவது நல்லவன் என்று சொன்னால் எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறும். மிருகம் என்று சொன்னாலும் ஏறும். இரண்டையும் சொல்லும் உரிமை எனக்கு மட்டும்தான். மர்பி டவுனில் ஒரே அறையில் அவனோடு பதினெட்டு வருஷம் வளர்ந்தவள் நான்.

அவன் கோலி. கால்பந்தில் கோல் கம்பங்களுக்கு நடுவே நிற்கிற ஆள். பூட்ஸ் கால்களுக்கு இடையில் தலையைக் கொடுத்துப் பந்தைப் பிடுங்குவான். இருபத்திரண்டு வயதில் ஒரு ஃபைனல் ஆடினான். ஒரு தொழிற்சாலை அணிக்கு ஆள் எடுக்க வந்தவர்கள் கோட்டுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். தேறினால் வேலை, குவார்ட்டர்ஸ், எல்லாம். பந்தை அணைத்துத் தரையில் கிடந்தவனின் வலது கை விரல்களை எதிரணி ஃபார்வர்ட் ஆணி பூட்ஸால் ஏறி மிதித்தான். மூன்று விரல் முறிந்தது. அண்ணன் டேப் சுற்றிக்கொண்டு எழுந்து நின்றான். அதோடு விட்டிருந்தால் அந்த வேலை அவனுக்குத்தான். அடுத்த கார்னரில் எல்லோரும் பந்துக்குக் குதிக்க, இவன் அந்த ஃபார்வர்டின் வாய்க்குக் குதித்தான். இடது முஷ்டி. நான்கு பற்கள் மண்ணில் கிடந்தன. நாற்காலிக்காரர்கள் எழுந்து போய்விட்டார்கள். லீகில் ஆயுள் தடை. முறிந்த விரல்கள் கோணலாகவே ஒட்டின.

அப்புறம் ஆட்டோ. சிக்னலில் உரசியவனை இறக்கி அடிப்பான், மீட்டருக்கு மேல் கேட்காதே என்பவனை முறைப்பான், வாரம் ஒரு தடவை ஸ்டேஷனில் உட்கார்ந்திருப்பான். கல்யாணம் ஆயிற்று, தருண் பிறந்தான். பெண்டாட்டி மேல் கை வைத்ததே இல்லை என்று இன்றைக்கும் சொல்வான். பச்சைப் பொய். அவள் கிழிந்த உதட்டுக்கு ஐஸ் வைத்தவள் நான். அந்தப் புண்ணியவதி தருணுக்கு ஐந்து வயதாகும்போது டெங்குவில் போய்ச் சேர்ந்தாள். அதற்கு மேல் வீட்டில் அடி வாங்க அந்தப் பிள்ளை ஒருவன்தான் மிச்சம்.

தருண் ஓட்டக்காரன். பார்க்க ஒடிசல், காலில் பந்து இருந்தால் பிசாசு. ஹென்னூர்ப் பக்கம் ஒரு கால்பந்து அகாடமியில் பதின்மூன்று வயதுக்குட்பட்டோர் அணியில் சேர்த்திருந்தான் அண்ணன். பிள்ளைக்கு உண்மையில் வயது பதினான்கு. சர்ட்டிஃபிகேட்டில் பன்னிரண்டு. ஒரு புரோக்கரைப் பிடித்து இரண்டு வருஷத்தைக் குறைத்திருந்தான். அதைச் செய்த முதல் அப்பனும் அவன் இல்லை, கடைசி அப்பனும் அவன் இல்லை. அந்த அணியில் நிலைத்துவிட்டால் ஹாஸ்டல், படிப்பு, சாப்பாடு எல்லாம் இலவசம். தான் கோட்டைவிட்ட வேலையை மகன் கால்களால் திரும்பப் பிடிக்க வேண்டும் என்பதுதான் அவன் கணக்கு.

அங்கே கோச் ஓஸ்வால்ட், ரிச்சர்ட்ஸ் டவுன்காரர். மைதானத்துக்குள் பிள்ளைமேல் கை வைத்தால் அப்பனோடு சேர்த்து மகனையும் அனுப்பிவிடுவேன் என்று ஒரு தடவை அவர் அண்ணனை எச்சரித்தாராம். ஆகவே கேட்டுக்கு வெளியே அடித்தான். ஆட்டோவின் பின்சீட்டில் உட்காரவைத்து, விட்ட பந்துக்கு ஒன்று என்ற வீதத்தில் அறைவான். தருண் கண்ணை மூடிக்கொண்டு எண்ணுவான். அவனே என்னிடம் சொன்னான், ஏதோ ஸ்கோர் சொல்வதுபோல.

போன ஜூனில் அகாடமியிலிருந்து ஒரு மெசேஜ் வந்தது. வெள்ளிக்கிழமை எல்லாப் பிள்ளைகளுக்கும் எலும்பு டெஸ்ட். மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்தால் எலும்புகளுக்கு நடுவில் இருக்கிற இடைவெளியை வைத்து வயதைச் சொல்லிவிடுவார்கள். வயது மிஞ்சினவர்கள் அன்றே வெளியே.

நான் ஃப்ரேசர் டவுனில் ஒரு கிளினிக்கில் எக்ஸ்ரே எடுப்பவள். திங்கட்கிழமை அண்ணன் வந்து நின்றான். வேறு ஒரு சின்னப் பிள்ளையின் படத்தில் தருண் பெயரைப் போட்டுக் கொடு என்றான். முடியாது என்றேன். கெஞ்சினான். அவன் கெஞ்சி நான் பார்த்ததே இல்லை.

"சரி, அது வேணா. சும்னே ஒரு படம் எடுத்துப் பாரு உஷா. தேறுவானா மாட்டானான்னு மட்டும் சொல்லு. ராத்திரில தூக்கமே இல்ல."

எடுத்திருக்கலாம். ஐந்து நிமிஷ வேலை. ஆனால் எனக்கு எங்கிருந்தோ வெறி வந்தது. அண்ணியின் உதடு, பிள்ளையின் கன்னம், ஸ்டேஷன் வாசலில் நான் நின்ற நாட்கள், எல்லாம் ஒன்றாக வந்தது. பொய் சர்ட்டிஃபிகேட் வாங்கும்போது என்னைக் கேட்டாயா, மொத்தமாக அனுபவி என்று பேஷன்ட்டுகள் முன்னால் கத்தி அவனை வெளியே அனுப்பினேன். அன்றைக்கு மனசு குளிர்ந்தது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

புதன்கிழமை சாயங்காலம் மறுபடி வந்தான். கூட தருண். பிள்ளையின் வலது மணிக்கட்டு துண்டில் சுற்றியிருந்தது. கிரவுண்டில் விழுந்துவிட்டான் என்றான் அண்ணன். துண்டை அவிழ்த்தேன். மணிக்கட்டு வளைந்து தொங்கியது. வீங்கிய தோலில் வட்ட வட்டமாக நான்கு குழிகள், வரிசையாக. ஆணி பூட்ஸின் அச்சு.

விழுந்த கையில் ஆணி எப்படி வரும்? படம் எடுக்கும்வரை நான் வாயைத் திறக்கவில்லை. எலும்பு இரண்டாகப் போயிருந்தது. அண்ணனை வெளியே நிற்கச் சொல்லிவிட்டுப் பிள்ளையைக் கேட்டேன்.

அப்பா பரண்மேலிருந்த தன் பழைய பூட்ஸை எடுத்துப் போட்டுக்கொண்டார், கையைத் தரையில் வைக்கச் சொன்னார், வாயில் துண்டைக் கொடுத்தார் என்றான். முதல் மிதியில் முறியவில்லையாம். இரண்டாவது தடவை மிதிப்பதற்கு முன்னால் அப்பா அழுதார் என்றான். இதைச் சொல்லும்போது தருண் அழவில்லை.

கதவைத் திறந்து அண்ணனை உள்ளே இழுத்தேன். அவன் ஒன்றையும் மறைக்கவில்லை. போன வருஷம் ஒரு பையன் கையில் கட்டுப் போட்டிருந்ததால் டெஸ்ட் தள்ளிப்போயிற்றாம், அதற்குள் அவனைச் சேர்த்துக்கொண்டார்களாம். இன்னொரு அப்பன் சொன்னானாம்.

"எலும்பு ஒட்டிக்கும் உஷா. எனக்கு ஒட்டலயா? சான்ஸு போனா ஒட்டாது."

"எந்தக் கையைப் படம் எடுப்பாங்கன்னு அவன் சொன்னானாண்ணா?"

அவன் விழித்தான்.

"இடது கைய. எல்லாருக்கும் இடது கையத்தான் எடுப்பாங்க. நீ ஒடச்சது வலது."

சுவரில் சாய்ந்து நின்றான். பிறகு அவன் கண் மெதுவாகத் தருணின் இடது கைக்குப் போனது. அங்கேயே நின்றது. தருணும் அதைப் பார்த்தான். பார்த்துவிட்டு, சத்தமில்லாமல், அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான்.

எக்ஸ்ரே அறையில் நாங்கள் போட்டுக்கொள்ளும் ஈய ஏப்ரன் ஐந்து கிலோ இருக்கும். சுவர் ஆணியிலிருந்து அதைப் பிடுங்கி அண்ணன் முகத்தில் அடித்தேன். மூக்கு உடைந்தது. மறுபடி அடித்தேன். காது, தோள், தலை, எங்கே பட்டதென்று தெரியாது. சிக்னலில் நாலு பேரை ஒருவனாக அடித்துப்போட்டவன் ஒரு கையைக்கூடத் தூக்கவில்லை. ரத்தம் சட்டையில் வழிய அப்படியே உட்கார்ந்தான். நான் நிறுத்தியது என் கை ஓய்ந்ததால்தான், இரக்கத்தால் அல்ல.

போலீசுக்குப் போகவில்லை. போனால் சர்ட்டிஃபிகேட் வெளியே வரும், பிள்ளையின் இடம் போய்விடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. தருண் கைக்குக் கட்டுப் போடவைத்து, அவனை என் வீட்டுக்குக் கூட்டிப்போனேன். வெள்ளிக்கிழமை கட்டோடு நானே டெஸ்ட்டுக்கு அழைத்துப் போனேன். யாரும் தள்ளிப்போடவில்லை. இடது கையை நீட்டச் சொன்னார்கள், நீட்டினான்.

சனிக்கிழமை ஓஸ்வால்ட் போன் செய்தார். எலும்பு வயது பன்னிரண்டரை. தருண் தேறிவிட்டான். சில பிள்ளைகளுக்கு எலும்பு மெதுவாகத்தான் வளரும், சரியான சாப்பாடு இல்லாத பிள்ளைகளுக்கு இன்னும் மெதுவாக என்றார். திங்கட்கிழமை நான் அந்த ஒரு படத்தை எடுத்திருந்தால், இத்தனை வருஷம் படம் பார்த்த கண்ணுக்கு அது தெரிந்திருக்கும். பயப்படாதே, தேறிவிடுவான் என்று சொல்லி அண்ணனை வீட்டுக்கு அனுப்பியிருப்பேன். அந்தக் கை முறிந்திருக்காது. முறித்தவன் அவன். அதில் எனக்குப் பங்கில்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை.

கை சரியாகும்வரை காத்திருப்பதாக அகாடமி சொன்னது. அடுத்த திங்கட்கிழமை ஹாஸ்டல் ஃபாரம் நிரப்பப் போனோம். மூக்கில் பிளாஸ்டரோடு, இஸ்திரி போட்ட சட்டையில், எங்களுக்கு முன்பே அண்ணன் வந்து நின்றான். சட்டைப்பையில் புதுப் பேனா. ஓஸ்வால்ட் ஃபாரத்தை மேஜையில் வைத்ததும் பேனாவைத் திறந்து, எங்கே சார் கையெழுத்து என்று கேட்டான்.

தருண் ஃபாரத்தைத் தன் பக்கம் இழுத்தான். மேஜையில் கிடந்த வேறு பேனாவை இடது கையில் எடுத்தான். பழகாத கை. ஒவ்வொரு எழுத்தும் ஒவ்வொரு பக்கம் சாய்ந்தது. பாதுகாவலர் என்ற இடத்தில் உஷா என்று எழுதினான். உறவு என்ற இடத்தில் அத்தை. எழுதி முடிக்க ரொம்ப நேரம் ஆயிற்று.

"நீ போடு அத்த," என்றான்.

நான் போட்டேன். அண்ணன் தன் பேனாவை மூடப் பார்த்தான். அந்தக் கோணல் விரல்களுக்கு மூடி அகப்படவில்லை, கீழே விழுந்து தருண் காலடியில் உருண்டது. தருண் குனியவில்லை. ஹாஸ்டல் எந்தப் பக்கம் சார் என்று ஓஸ்வால்டைக் கேட்டுக்கொண்டே வெளியே நடந்தான்.