உச்சந்தலை நடிகர்

மாட்டை அவிழ்க்கக் குனிந்த அர்ச்சுனன் பாதிக் கயிற்றோடு நின்றுவிட்டார். கீழே மலைப்பாதையின் மூன்றாவது வளைவில் ஏதோ ஒரு வண்டி முக்கி முனகி ஏறிக்கொண்டிருந்தது. கழுத்தைச் சாய்த்து ஒரு காதை மட்டும் அந்தப் பக்கம் கொடுத்தார். "பஸ்ஸு இல்ல. புளி லாரியும் இல்ல. ஜெனரேட்டர் வண்டிடா இது," என்றார் மாட்டிடம். அவ்வளவுதான். கயிறு ஒரு பக்கம், மாடு ஒரு பக்கம், ஆள் ஓடைப் பக்கம். முகம் கழுவி, காதோரம் நரைத்த முடியை எண்ணெய் தொட்டு அமுக்கி, துவைத்து வைத்த துண்டைத் தலைப்பாகையாகக் கட்டிக்கொண்டு, வண்டி ஊருக்குள் நுழையும்போது ரோட்டோரம் தயாராக நின்றார். அவிழ்க்காத மாட்டை வழக்கம்போல மனைவி பூங்கோதைதான் அவிழ்த்துவிட்டாள்.

ஜவ்வாது மலையில் சினிமாக்காரர்கள் வந்து இறங்கினால் முதலில் பார்க்கிற முகம் அர்ச்சுனனுடையது. வேடிக்கை என்னவென்றால், சினிமா பார்க்கிற ஜனங்கள் பார்த்தே இராத முகமும் அதுதான்.

அவர் நடிக்க வந்தது எழுபத்தாறில். கொள்ளைக்காரன் படம் ஒன்றில் தீவட்டி பிடித்தார். அடுத்த படத்தில் இடைவேளைக்கு முன்பே துப்பாக்கியால் சுடப்பட்டு விழுந்தவர், இடைவேளைக்குப் பிறகு கதாநாயகி கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார். யாரோ அதைச் சொல்லிச் சிரித்தபோது, "செத்தவன் கல்யாணத்துக்கு வந்தா இன்னா தப்பு? ஒறமொறதானே," என்றார். மூன்றாவது படத்தில் உடை கொடுக்கிறவர் அவர் தலையில் கொத்துக் கொத்தாக இறகைச் செருகிவிட்டார். மலை ஆள் என்றால் இறகு வேண்டுமாம். "எங்க வூட்டுக் கோழிக்கே இத்தினி எறகு கெடையாது சார்," என்று சொல்லிக்கொண்டே ஆடாமல் அசையாமல் தலையைக் காட்டிக்கொண்டிருந்தார். சினிமாவின் மேல் அவருக்குக் கோபமே வராது. உச்சியில் அவருக்கு இரண்டு சுழி. இரட்டைச் சுழிக்காரனுக்கு இரண்டு பெண்டாட்டி என்று ஊரில் கேலி செய்தால், "ஒண்ணு பூங்கோத, இன்னொண்ணு சினிமா. ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு சண்ட போடறதில்ல," என்பார். அது பாதிதான் உண்மை.

நான்கு படம் நடித்தும் முகம் வராததற்குக் காரணம் கேமரா இல்லை. மலையில் படம் பிடிக்க வருகிறவர்கள் ஒரு பஞ்சாயத்துக் காட்சி எடுக்காமல் இறங்குவதில்லை. மரத்தடி, ஒரு நாற்காலி, அதில் நாட்டாமை, எதிரே ஜனங்கள். அந்த ஊரில் நாட்டாமை உட்கார்ந்துவிட்டால் எதிரே நிற்கிறவன் தலைப்பாகையை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கி, தன் கால் பெருவிரலைப் பார்த்தபடிதான் நிற்க வேண்டும், அதுதான் முறை. நாட்டாமை சென்னையிலிருந்து மீசை ஒட்டிக்கொண்டு வந்தவராக இருந்தாலும் அர்ச்சுனனின் கழுத்துக்கு அந்த வித்தியாசம் தெரியாது. நாற்காலி நிறைந்தால் தலை இறங்கிவிடும். உண்மையான நாட்டாமை சின்னதம்பியே ஒரு படத்தில் கூட்டத்தோடு கூட்டமாக நின்றார். அவரும் குனிந்துதான் நின்றார்.

ஆக, ஒவ்வொரு படத்திலும் திரையில் தெரிந்தது அர்ச்சுனனின் உச்சந்தலை. சந்தவாசல் கொட்டகைக்கு மலையிலிருந்து இறங்கி, படவேடு வழியாகச் சுற்றிக்கொண்டு நடந்துபோய்ப் பார்த்த ஜனங்கள் அந்த இரண்டு சுழியைக் கண்டுதான், "தோ கீறாரு நம்ம அர்ச்சுனன்," என்று கை தட்டினார்கள். பூங்கோதை மட்டும் தட்டவில்லை. நான்கு தடவை நடந்தவள் அவள். "இந்தச் சுழியப் பாக்கறதுக்கா மல எறங்கி வந்தேன்? வூட்ல எண்ண தேய்க்கறப்ப தெனமும் பாக்கறேனே," என்றாள். அவருக்கும் உள்ளூர வருத்தம்தான். வாழ்நாளில் ஒரே ஒரு தடவை தன் முகத்தை அந்த வெள்ளைத் துணியில் பார்த்துவிட வேண்டும் என்று அவருக்கு அவ்வளவு ஆசை. "நெனப்புல நிமிந்துதான் நிக்கறேன். கழுத்து கேக்க மாட்டேங்குது," என்றார் ஒருநாள் பூங்கோதையிடம், குற்றத்தை ஒப்புக்கொள்கிறவர் மாதிரி.

எண்பத்திரண்டில் ஏறி வந்த அந்த ஜெனரேட்டர் வண்டி ஐந்தாவது படத்தினுடையது. இந்தத் தடவை அவருக்கு வசனமே கொடுத்தார்கள். மரம் வெட்ட ஒப்புக்கொண்ட நாட்டாமையை எதிர்த்து ஒரே ஒருவன் நிமிர்ந்து பேச வேண்டும். "மொதல்ல என்ன வெட்டு, அப்பறம் மரத்த வெட்டு." இவ்வளவுதான். குளோசப். செய்தி கேட்ட பூங்கோதை, "இந்த வாட்டியும் மொகம் வரலன்னு வெச்சிக்க, அடுத்த ஜெனரேட்டர் சத்தம் கேட்டா மாட்ட அவுத்து வுட்டு உன்னக் கட்டிப் போடுவேன்," என்று சொல்லிவிட்டாள். சொன்னால் செய்கிறவள்.

நாட்டாமை வேஷம் கட்டியவர் லட்சுமணன். நாற்பது வருஷம் நாடக மேடையில் கத்திக் கத்தித் தொண்டை கட்டிய மனிதர். அவர் போய் நாற்காலியில் உட்கார்ந்ததும் அர்ச்சுனனின் கை துண்டை அவிழ்த்தது, தலை இறங்கியது, வசனம் பெருவிரலிடம் சொல்லப்பட்டது. அதிலும் "வெட்டுங்க" என்று மரியாதையோடு. துணை இயக்குநர் கோபால்சாமி ஓடி வந்து, தாடைக்குக் கீழே இரண்டு விரல் கொடுத்து நிமிர்த்தி, "பெரியவரே, இப்படியே நில்லுங்க," என்று கெஞ்சிவிட்டுப் போனார். அவர் கேமராவுக்குப் பின்னால் போவதற்குள் தலை பழைய இடத்துக்கு வந்துவிட்டது. இப்படி ஆறு தடவை. ஏழாவது தடவைக்கு லட்சுமணனை எழுந்து போகச் சொன்னார்கள். அர்ச்சுனன் காலி நாற்காலிக்கும் குனிந்தார்.

லட்சுமணன் மரத்தில் சாய்ந்துகொண்டு, "என் சொந்த வீட்டிலே ஒருத்தன் இந்த மரியாதை கொடுத்ததில்லேய்யா. நான் இங்கேயே இருந்துடறேன்," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். இயக்குநர் மட்டும் சிரிக்கவில்லை. மேகம் மலையைத் தொட்டுக்கொண்டிருந்தது, வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. வேறு ஆளைப் போட்டுவிடலாம் என்று அவர் மெதுவாகச் சொன்னது அர்ச்சுனன் காதில் விழுந்தது. அவருக்குக் கண்ணில் நீர் முட்டியது.

பெண்கள் கூட்டத்தில் முக்காடு போட்டு நின்ற பூங்கோதை அப்போதுதான் வாயைத் திறந்தாள். "சார், இவரு தேன் எடுக்கறவரு. தேன்கூட்டப் பாக்கறப்ப மட்டும் குனிய மாட்டாரு. மாமா, அந்த அத்தி மரத்து மேல கூடு தொங்குது பாரு. அதுங்கிட்ட சொல்லு."

அர்ச்சுனன் அண்ணாந்தார். நாற்காலிக்கு நேர் பின்னே, உயரமான கிளையில், முறம் அகலத்துக்கு ஒரு கூடு. கண் சுருங்கியது, தாடை இறுகியது, "மொதல்ல என்ன வெட்டு!" என்று குரல் எழும்பியது. ஒரே டேக். "அந்தக் கண்ணிலே இருக்கிற கோபத்தைப் பாருங்கய்யா," என்று இயக்குநர் கையைத் தட்டினார். அர்ச்சுனன் மனைவியிடம் வந்து, "ரெண்டு படி தேறும்," என்றார்.

படம் கண்ணமங்கலத்தில் ஓடி முடிந்து, படப்பெட்டி சந்தவாசல் கொட்டகைக்கு வர ஒரு வருஷம் ஆனது. ஒரே நாள்தான் போடுவார்களாம். மறுநாள் காலை பஸ்ஸில் பெட்டி போய்விடும். நாற்பது பேர் மலை இறங்கினார்கள். சாயந்திர ஆட்டத்துக்கு மணல் தரையில் அர்ச்சுனன் எல்லோருக்கும் முன்னால் இடம் பிடித்து, மணலை ஒரு முழம் உயரத்துக்குக் குவித்து அதன்மேல் ஏறி உட்கார்ந்தார். பின்னாலிருந்தவர்கள் வைதார்கள். "இன்னிக்கி ஒரு நாளு பொறுத்துக்கங்க," என்றார் திரும்பிப் பார்க்காமல். பக்கத்தில் பூங்கோதை, மடியில் பொரி.

பஞ்சாயத்துக் காட்சி வந்தது. மரத்தடி, நாற்காலி. லட்சுமணன் மீசையை நீவிக்கொண்டு வந்து, கொட்டகைக் கூரை அளவு உயரத்தில், திரை நிறைய உட்கார்ந்தார்.

அர்ச்சுனனின் கை தலைப்பாகையை அவிழ்த்தது. துண்டு கக்கத்துக்குப் போயிற்று. தலை இறங்கியது. மணலில் தன் கால் பெருவிரல் தெரிந்தது.

"தோ! தோ! மொகம் வந்துருச்சு!" என்று நாற்பது பேரும் எழுந்து கத்தினார்கள்.

பூங்கோதை திரையைப் பார்க்கவில்லை. பொரியை மணலில் கொட்டிவிட்டு, இரண்டு விரலை அவர் தாடைக்குக் கீழே கொடுத்து நிமிர்த்தி, திரையில் அந்த முகம் மறைகிற வரைக்கும் எடுக்காமல் அப்படியே தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.