குன்றில் ஒரு சோதனை

கெலுகோர் ஊருக்குப் பின்னால் இருக்கும் அந்தக் குன்று முன்பு ராணுவத்தின் கையில் இருந்தது. இப்போது காப்புக்காடு, யார் வேண்டுமானாலும் ஏறலாம். ஆனால் அடிவாரத்தில் இருக்கும் பழைய சிவப்பு எச்சரிக்கைப் பலகையைக் கழற்ற மட்டும் எவனுக்கும் மனம் வரவில்லை. அதில் உள்ள படத்தில் சிப்பாய் ஒருவன் துப்பாக்கியை நீட்ட, எதிரே நிற்பவன் கைகளைத் தூக்கிக்கொண்டு நிற்பான்.

வெள்ளிக்கிழமை காலை, கோயில் முடிந்து அக்காவும் நானும் நேரே அங்கே போனோம். அர்ச்சனைப் பையைக் காரிலேயே வைக்கச் சொன்னேன். கேட்டால்தானே?

"சாமி பழம் காடிக்குள்ள வெந்து போயிரும்லா!"

மேலே, பழைய காவல் கூண்டருகே, தாட்டியான குரங்கு ஒன்று வழிமறித்துப் பல்லைக் காட்டியது. பையை நழுவவிட்டு அக்கா இரண்டு கைகளையும் தூக்கினாள், பலகையில் இருப்பவனைப் போலவே. குரங்கு பையை நிதானமாகக் கிளறியது. திருநீற்றுப் பொட்டலத்தைக்கூடப் பிரித்துப் பார்த்தது. தேங்காய் மூடியை முகர்ந்து கீழே வைத்தது. வாழைப்பழங்களைப் பறிமுதல் செய்துகொண்டு போனது. நான் சிரித்ததற்கு அக்கா முறைத்தாள்.

இறங்கும்போது, கையில் பையோடு ஏறி வந்த ஒருவர் பலகையைக் காட்டி, "மேல இன்னும் ஆர்மி இருக்காங்களா, அக்கா?" என்று கேட்டார்.

"ஆர்மிலாம் போயிருச்சு, அண்ணே," என்றாள் அக்கா. "செக்கிங் மட்டும் இருக்கு."