மஞ்சளாக எரிந்த சுடர்

ஒரு பழுப்புக் காகிதக் கவர். மேலே பேனாவால் அழுத்தி எழுதிய ஊர்ப்பெயர், உள்ளே முப்பது நெல் இலைகள். மரக்காணம் உப்பளங்களைத் தாண்டி இரண்டாவது ஊரிலிருந்து அதைக் கொண்டுவந்தவரை நான் அக்கா என்றுதான் கூப்பிட்டேன். கணவர் இல்லை. ஒரு ஏக்கர் நிலமும் ஒரு போர்வெல்லும்தான் அவருக்கு எல்லாம். நவரைப் பட்டத்து நெல் நுனி கருகுகிறது, என்ன சத்து குறைகிறது என்று பார்த்துச் சொல்லச் சொன்னார்.

இலைப் பரிசோதனைக் கூடத்தில் அப்போதுதான் சேர்ந்திருந்தேன். பட்டம் வாங்கிய திமிர் இன்னும் இறங்கவில்லை. இலைகளைக் காயவைத்து, அரைத்து, அமிலத்தில் கரைத்துச் சுடரில் விட்டால் எது எவ்வளவு என்று கருவி காட்டிவிடும். அக்காவின் இலையில் பொட்டாஷ் குறைவு. ஆனால் சுடர் அடர்ந்த மஞ்சளாக எரிந்தது. உப்பு அதிகமாக இருந்தால்தான் அப்படி எரியும். எங்களிடம் அதற்குத் தயாராக ஒரு பதில் இருந்தது. உப்பளக் காற்று இலைமேல் உப்பைப் படியவைக்கும், விவசாயிகள் கழுவாமல் கொண்டுவந்துவிடுவார்கள். அதற்காகவே காய்ச்சி வடித்த தண்ணீரை ஆளுக்கொரு பாட்டில் கொடுத்தனுப்புவோம்.

“இலைய கழுவாமலே கொண்டாந்துட்டீங்களேக்கா” என்றேன்.

“கழுவித்தாம்மா எடுத்தாந்தேன். நீ குடுத்த தண்ணியிலதான், ஒவ்வொரு இலையா.”

நான் நம்பவில்லை. சிரித்தேன் என்பதுதான் இன்றும் உறுத்துகிறது. அறிக்கையில் உப்பின் அளவை அடித்துவிட்டு, பொட்டாஷ் உரம் போட்டு நன்றாகத் தண்ணீர் கட்டச் சொன்னேன். படித்த பெண் சொல்கிறாள் என்று அவரும் அப்படியே செய்தார்.

மூன்று வாரம் கழித்து அவர் நிலத்துக்குப் போனேன். பயிர் வைக்கோலாக நின்றது. வரப்போரம் வெள்ளை பூத்திருந்தது. அக்கா திட்டவில்லை. போர்வெல் தண்ணீரைக் கையில் ஏந்தி, “குடிச்சிப் பாரும்மா” என்று நீட்டினார். நாக்கில் பட்டதும் துப்பினேன். ஊரில் குடிப்பது குழாய்த் தண்ணீர், பயிருக்கு விடும் தண்ணீரை வாயில் வைத்துப் பார்க்க அதுவரை யாருக்கும் தோன்றவில்லை. உப்பு காற்றில் வரவில்லை, கடல்நீரோடு மண்ணுக்கடியில் வந்திருந்தது.

“அன்னிக்கே சொல்லியிருந்தா ஏரித் தண்ணிய திருப்பியிருப்பேன். அப்போ கொஞ்சம் கெடந்துச்சி” என்று மட்டும் சொன்னார். அதன்பிறகு அங்கே நெல் விளையவில்லை. அக்கா இப்போது உப்பளத்துக்குக் கூலிக்குப் போகிறார். பஸ்ஸில் பார்த்தால் எனக்கும் இடம் பிடித்து வைக்கிறார், எனக்குத்தான் பக்கத்தில் உட்காரக் கூசுகிறது.

இந்த வாரம் மேசைக்கு இன்னொரு பழுப்புக் கவர் வந்தது. கடலிலிருந்து இன்னும் வெகுதூரம் தள்ளியிருக்கும் ஊர், நான் பிறந்த ஊர். கையெழுத்து என் அண்ணனுடையது. இலைகளை நானே மூன்று முறை கழுவினேன். சுடர் நிறம் மாறக்கூடாது என்று குலசாமியை வேண்டிக்கொண்டேன். மஞ்சளாகத்தான் எரிந்தது.

உடனே அண்ணனுக்குப் போன் போட்டேன். “போர் தண்ணிய கட்டாதண்ணா, மொதல்ல நிறுத்து” என்றேன்.

“இன்னாம்மா சொல்றே? ஒண்ணும் கேக்கல, இரு” என்று கத்தினான். அவனுக்குப் பின்னால் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.