லுவா அக்காவின் பன்றி

லுவா அக்கா போய்ச் சேர்ந்து நாலு மாதம் ஆகிறது. சைகோனில் எங்கள் மாரியம்மன் கோயில் வாசலில் மோட்டார் சைக்கிள்களுக்குக் காவல் இருக்கிறவன் நான். அப்பா காரைக்கால்காரர், அம்மா இந்த ஊர்க்காரி. எழுத்து எனக்கு அவ்வளவாக வராது. ஆனாலும் அவளைப் பற்றி யாராவது நாலு வரி எழுதி வைக்க வேண்டும்.

அவள் சந்தையில் விலாங்கு மீன் விற்றவள். தமிழில் ஒரு சொல் தெரியாது; நாங்கள் அவளோடு பேசியதெல்லாம் வியட்நாம் மொழியில்தான். கோயிலைக் கட்டிய தமிழர்களில் முக்கால்வாசிப் பேர் ஊரைவிட்டுப் போன பிறகு, கும்பிட வந்ததெல்லாம் அவளைப் போன்ற ஜனங்கள்தான். கருவறைப் பின்சுவரில் நெற்றியை ஒட்டிக்கொண்டு வேண்டுதலைக் கிசுகிசுப்பார்கள். நெற்றி பட்டுப் பட்டு அந்தக் கருங்கல் பளபளவென்று ஆகிவிட்டது.

தொண்ணூற்று நாலு மழைக்காலத்தில் அவளுடைய ஒரே மகனுக்கு டெங்குக் காய்ச்சல். பிழைக்க மாட்டான் என்றார்கள். பிழைத்தான். காய்ச்சல் கண்ட பதினெட்டாம் நாள், முழுசாகச் சுட்ட பன்றி ஒன்றை ரிக்‌ஷாவில் கொண்டுவந்து இறக்கினாள். இந்த ஊர்ச் சாமிகளுக்கு அதைவிடப் பெரிய படையல் கிடையாது.

கோயில் பொறுப்பைப் பார்த்துக்கொண்டிருந்த முத்துராக்கு அண்ணன் கையை விரித்துக்கொண்டு ஓடி வந்தார்.

"நில்லு, நில்லு! பன்னிய உள்ள கொண்டாராத!"

"ஏண்ணே, சின்னதா இருக்கா?"

நாங்கள் சிரித்துவிட்டோம். அவர் சிரிக்கவில்லை.

"அம்மனுக்கு இது ஆகாதும்மா. பழம் குடு, பூ குடு."

"நான் பழம்னா சொன்னேன்? செவுத்துல தலைய வச்சு, பன்னின்னு தெளிவாச் சொன்னேன். அவ புள்ளையக் குடுத்துட்டா. இப்ப ஏமாத்துனா திருப்பி எடுத்துக்க மாட்டாளா?"

"சொல்றதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கக் கூடாது?"

"உன்கிட்டயா புள்ளையக் கேட்டேன்?"

அவள் பன்றிக்குப் பக்கத்திலேயே நடைபாதையில் உட்கார்ந்துவிட்டாள். உச்சி வெயில். கொழுப்பு உருகிச் சொட்டியது. வாய்தான் பெரிசு, உள்ளே திரும்பித் திரும்பிக் கும்பிட்டுக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன்.

அண்ணனும் பார்த்திருக்க வேண்டும். "சரி, அவகிட்டயே கேட்டுருவோம். காசு போடு" என்றார்.

இந்த ஊர் வழக்கம் அது. சாமியிடம் கேள்வி கேட்டு, இரண்டு செப்புக் காசைத் தட்டில் போட வேண்டும். ஒன்று தலை, ஒன்று பூ விழுந்தால் சம்மதம். இரண்டும் ஒரே மாதிரி விழுந்தால் இல்லை.

சன்னிதியில் மண்டி போட்டு, "அம்மா, பன்னிக்குப் பதிலாப் பழம் தரட்டுமா?" என்று கேட்டுக் காசைப் போட்டாள். இரண்டும் தலை. மறுபடி போட்டாள். இரண்டும் பூ. மூன்றாம் தடவையும் இரண்டும் பூதான். அவள் முகம் செத்துவிட்டது.

"கேள்விய மாத்து" என்றார் அண்ணன். அவர் குரலும் இறங்கிப் போயிருந்தது. "பன்னி வாசலுக்கு வெளிய இருக்கட்டும், நீ உள்ளருந்தே பாத்துக்கிறியான்னு கேளு."

போட்டாள். ஒன்று தலை. மற்றது சுற்றிச் சுற்றி, மெதுவாகப் பூவாக விழுந்தது. தட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள்.

அண்ணன் இரண்டு கதவையும் விரியத் திறந்துவிட்டு, என்னைப் பார்த்துக் கத்தினார்: "டேய், வண்டியத் தள்ளுடா! அம்மா கண்ணுக்குக் குறுக்க நிக்காத!"

உள்ளே அவர் கற்பூரம் காட்டினார். வெளியே அவள் ஊதுபத்தி ஏற்றினாள். பிறகு ரிக்‌ஷாக்காரர்களும் நானும் பன்றியை ரொட்டியில் வைத்து ஒரு பிடி பிடித்தோம். அண்ணன் மூக்கைப் பொத்திக்கொண்டு வாழைப்பழம் தின்றார். அப்படி ஒரு மொறுமொறுப்பை அதற்கப்புறம் நான் கண்டதில்லை.

நடைபாதைக் கல்லில் கொழுப்பு ஊறிக் கறையாகிவிட்டது. மறுநாள் விடிந்ததும் சாம்பலும் துடைப்பமுமாக லுவா அக்கா வந்தாள். தேய்த்தாள், போகவில்லை. அடுத்த நாளும் வந்தாள். ஒரு மாதம் கழித்து அண்ணன் சொன்னார்:

"கறை போயிருச்சு லுவா, போதும்."

"உன் கண்ணுக்குப் போயிருக்கும். வாசலப் பாத்துக்கிட்டு இருக்கவ அவ."

இருபத்தொன்பது வருஷம் வந்தாள்.