நிற்காத இரத்தமும் நம்பாத ஊரும்

கொழுந்து வெட்டும் அந்தக் கத்தரியை எப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தேயிலை விலை விழுந்த காலத்தில், ஆள்கூலியைக் குறைப்பதற்காகக் குன்னூர்ப் பக்கத்து எங்கள் எஸ்டேட்டில் அதைக் கொண்டுவந்தார்கள். கையால் கிள்ளியே பழகிய சித்தி முதல் வாரமே விரலை வெட்டிக்கொண்டாள். காயம் என்னவோ நகக்கீறல் அளவுதான். எங்கள் வழக்கப்படி ஃபேக்டரித் தேயிலைத்தூளை அள்ளி அப்பினோம். தூள் ஊறிச் சிவந்து வழிந்ததே தவிர, இரத்தம் நிற்கவில்லை.

அவளுக்கு எப்போதும் அப்படித்தான். மாதவிலக்கு வந்தால் எழுந்து நிற்க முடியாமல் லீவு போடுவாள். எங்களை வேலை வாங்கும் மேஸ்திரி எல்லோர் முன்னாலும் கேட்பார்: "ஏனுங்கம்மா, ஊர்ல வேற பொம்பளைங்களே இல்லீங்களா? உங்களுக்கு மட்டும் பவானி ஆறு ஓடுதாக்கும்!" சித்தியும் விடமாட்டாள். "ஆறா இருந்தா கரண்ட்டாச்சும் எடுக்கலாமுங்களே!" சிரித்த அதே வாய்கள்தான் பிறகு அவளுக்கு 'டிமிக்கிக்காரி' என்று பேர் வைத்தன.

ஆள் குறைக்கும் பேச்சு வந்தபோது, ஃபேக்டரிக்குள் தூள் சலிக்கும் வேலைக்கு மாற்றினால் பிழைத்துக்கொள்வேன் என்று கேட்டாள். நோய் இருந்தால் காட்டு என்றார்கள். மலையிறங்கிப் போய் இரத்தம் கொடுத்துப் பார்த்தோம். உறையும் நேரமெல்லாம் சரியாகவே இருக்கிறதாம். அதோடு முடிந்தது. வேலையும் போனது, எஸ்டேட் கொடுத்திருந்த லயத்து வீடும் போனது. "பொய் சொன்ன வாய்க்குத்தான் போஜனம் கிடைக்காதும்பாங்க. மெய் சொன்ன வாய்க்கும் கிடைக்கலையே கண்ணு" என்றாள்.

பல வருஷம் கழித்து, கோயம்புத்தூரில் அவள் மகளுக்குப் பல் பிடுங்கிய இடத்தில் இரத்தம் நிற்காமல் போனது. அங்கிருந்த டாக்டரம்மாதான் தாய்க்கும் மகளுக்கும் வேறொரு பரிசோதனை செய்யச் சொன்னார். இரத்தக் குழாயின் உட்சுவரில் இருக்கும் செல்கள் ஒரு புரதத்தைச் சுரக்கின்றனவாம். காயம்பட்ட இடத்தில் தட்டணுக்களை ஒட்டவைக்கும் பசை அது. இவர்கள் இரத்தத்தில் அந்தப் பசை குறைவு. வழக்கமான பரிசோதனையில் பலநேரம் இது தெரியவே தெரியாதாம். "கோடவுன்ல கொஞ்சம் சரக்கு இருக்குதும்மா, வெளிய வர்றதுதான் கம்மி. தள்ளிவிட ஊசி இருக்கு" என்றார் டாக்டரம்மா. விலை போகாமல் தேயிலை மூட்டைகள் அடைந்து கிடந்ததைப் பார்த்த எங்களுக்கு இதற்குமேல் விளக்கம் எதற்கு?

எனக்குத்தான் மனம் ஆறவில்லை. இப்போது நோய்க்குப் பேர் இருக்கிறது, ஊசி இருக்கிறது. எஸ்டேட்டைத்தான் காணோம், அந்த இடத்தில் ரிசார்ட் நிற்கிறது. மேஸ்திரியும் போய்ச் சேர்ந்துவிட்டார். டாக்டரம்மா அந்தப்பக்கம் போனதும் சித்தி என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்:

"நான் டிமிக்கி அடிக்கலைன்னு இனி யாருகிட்டப் போய்ச் சொல்றது கண்ணு?"