விழுங்கிய மெய்யெழுத்து

கொழும்பில், மட்டக்குளி பஸ்ஸில் அம்மாவின் உதடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் என் நாவலுக்கான கிரகம் எனக்குக் கிடைத்தது. வெள்ளவத்தையில் ஏறியிருந்தோம். பம்பலப்பிட்டி வரமுதல் கனடாவிலிருந்து சித்தி போன் எடுத்தார். அம்மா போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, "ஓ... ஓ..." என்று முடித்துவிட்டார். வெறும் ஓ. அதே சித்தியோடு வீட்டில் கதைக்கும்போது 'ஓமடி, ஓம்' என்று ஒரு மணித்தியாலம் போகும். ஒவ்வொரு ஓமுக்கும் உதடு இறுக மூடும். பஸ்ஸில் அது மூடவில்லை.

ஆம் என்பதற்குச் சிங்களத்தில் 'ஒவ்'. எங்களுக்கு 'ஓம்'. அந்தக் கடைசி ம்-ஐ விழுங்கிவிட்டால் மிஞ்சுவது இரண்டு பக்கத்துக்கும் பொதுவான ஒரு சத்தம். அடுத்த சீட்டில் இருப்பவரால் நாங்கள் தமிழர் என்று கண்டுபிடிக்க முடியாது.

இறங்கியதும் கேட்டேன். "நான் எங்க அப்படிச் சொன்னனான்?" என்றார். பொய் சொல்லவில்லை, அவருக்கே தெரியாது. இப்படிப் பேசச் சொல்லி யார் பழக்கியது என்று நான் விடாமல் துளைத்தேன்.

"ஒருத்தரும் சொல்லேல்லை. சொல்ல வேணுமோ?"

அந்தக் கிழமையே எழுத உட்கார்ந்தேன். முதலில் கிரகத்துக்கு மூன்று நிலவுகள் வைத்தேன், இரண்டை வெட்டினேன். அங்கே ஒரு சனம். அவர்களுடைய ஆமோதிப்பு எப்போதும் மூடிய உதட்டில் முடியும். யாராவது இறந்தால் சுற்றி நின்று, வாய் திறக்காமல், 'ம்' என்று பொழுது சாயும்வரை முனகுவார்கள். பிறகு வேறொரு சனம் வந்து ஆளத் தொடங்குகிறது. இப்போது அவர்கள் சாவீட்டிலும் வாயைத் திறந்துகொண்டே முனகுகிறார்கள். தெருவில் போகிறவனுக்கு அது ஆள்கிறவர்கள் வணக்கம் சொல்வதுபோலக் கேட்கும். ஆம் என்ற சொல்லுக்கு ஒரு முடிவு இருந்ததென்றே பிள்ளைகளுக்குத் தெரியாது. ஆவணக் காப்பகத்தில் வேலை செய்யும் ஒரு பெண், அந்த ஒலியைத் தடைசெய்த சட்டத்தைத் தேடி மாடி மாடியாக ஏறுகிறாள். அப்படி ஒரு சட்டமே இல்லை.

வீட்டுக்குள் 'ஓம்', வெளியே 'ஓ'. நாவல் இந்த ஒரு வித்தியாசத்தில்தான் நிற்கிறது. அதை எடுத்துவிட்டால் ஒரு நிலவும் கொஞ்சம் தூசியும்தான் மிச்சம்.

கையெழுத்துப் பிரதியை அம்மா காணும்படி மேசையில் வைத்தேன். வேண்டுமென்றுதான் வைத்தேன். மூன்று நாள் வாசித்தார். நாலாம் நாள், மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டுத் தொடங்கினார்.

"எங்களைக் கொண்டுபோய் வேற்றுக்கிரகத்தில விட்டிருக்கிறாய். ஏன், இஞ்ச இடம் காணாதோ?"

அது கதை என்றேன்.

"நீ சண்டைக் காலத்தில செக்பொயின்டில நிண்டனியோ? பொட்டை அழிச்சுப்போட்டு நிண்டனியோ? இப்ப ஏசி போட்ட அறைக்குள்ள இருந்துகொண்டு என்னைப் பயந்தாங்கொள்ளி எண்டு எழுதுறாய்."

"ஓம். பயம்தானே அது?" என்றேன்.

சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் அப்போது நான் அதைத்தான் நினைத்தேன். அன்றிலிருந்து அம்மா வீட்டுக்குள்ளும் எனக்கு 'ஓ' என்றுதான் பதில் சொன்னார். சாப்பிட்டாச்சோ என்று கேட்டால், ஓ. ஃபேனை நிப்பாட்டட்டோ என்றால், ஓ. என் முகத்தைப் பார்த்துக்கொண்டு, வாயை வேண்டுமென்றே திறந்தபடி. என்னை பஸ்ஸில் அடுத்த சீட்டில் இருக்கிற ஆளாக்கிவிட்டார். நானும் இறங்கிப்போகவில்லை. புத்தகம் அச்சாகி வரட்டும், அதைக் கையில் கொடுத்துவிட்டுப் பேசிக்கொள்வோம் என்று வீம்பாக இருந்தேன்.

அச்சுக்குக் கொடுத்திருந்தது கொட்டாஞ்சேனையில், கலியாணக் கார்டும் மரண அறிவித்தலும் அடிக்கிற ஒரு சின்ன அச்சகத்தில். இடைக்கிடை கவிதைத் தொகுதிகளும் போடுவார்கள். முதலாளியின் பாட்டன் காலத்தில் இந்தியாவிலிருந்து வந்த குடும்பம். அவர் வாயில் 'ஓம்' வராது, 'ஆமா'தான். புரூஃப் வந்துவிட்டது என்று கூப்பிட்டார். ஓடிப்போனேன்.

முதல் பக்கத்தைத் திறந்தேன். ஒவ்வொரு 'ஓ'வும் 'ஓம்' ஆகியிருந்தது. கொம்பியூட்டரில் ஒரே தட்டில் மாற்றியிருக்கிறார்கள். ஆகவே என் காப்பகப் பெண் படிக்கட்டில் 'ஓம்டினாள்'. மழை 'ஓம்ய்ந்தது'. தெரு 'ஓம்ரத்தில்' ஒரு காவல் கம்பம் நின்றது. ஏற்கெனவே 'ஓம்' என்று சரியாக இருந்த இடமெல்லாம் 'ஓம்ம்' என்று மாடுபோலக் கத்தியது.

"அதெல்லாம் கையால சரி பண்ணிருவோம் தங்கச்சி," என்றார் முதலாளி, நிமிராமலே. "நீங்க யாழ்ப்பாணத்து ஆளுங்கதானே, ஓம்னுதானே சொல்லுவீங்க. நெடுக ம் விட்டுப்போயிருந்துச்சு. போட்டுட்டேன்."

விட்டுப்போகவில்லை, வேண்டுமென்றே விட்டது என்றேன். பழையபடி மாற்றச் சொன்னேன். எழுத்துப்பிழை என்று நினைத்து வாசிக்கிற ஆட்கள் தன் அச்சகத்தைத்தான் ஏசுவார்கள் என்றார். முன்னுரையில் விளக்கம் போடுகிறேன் என்றேன். அதெல்லாம் வேண்டாம் என்றார். கடைசியில் என் வாய் சும்மா இருக்கவில்லை. நீங்கள் ஒரு பக்கமாவது வாசித்தீர்களா என்று கேட்டுவிட்டேன்.

அப்போதுதான் அவர் நிமிர்ந்தார்.

"வாசிக்காமலா? ரெண்டு தரம் வாசிச்சேன். எனக்கு வெளங்காம இல்ல. ம் இருந்தா இது சும்மா நிலாக் கதை. ம் இல்லேன்னா இந்த ஊரு கதை. என் போர்டுக்குக் கீழ இந்த ஊரு கதைய நான் அடிக்க மாட்டேன்."

"அடிக்கக்கூடாது எண்டு ஆராவது சொன்னவையோ?"

"யாரும் சொல்லல. சொல்லணுமா?"

அம்மா சொன்ன அதே பதில். என் நாவலைச் சரியாக வாசித்த முதல் ஆள் அவர்தான், அதனால்தான் எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது. உங்களைப் போல ஒருவர் கிடைத்திருந்தால் அந்தக் கிரகத்து ஆட்சிக்குப் படையே தேவைப்பட்டிருக்காது என்றேன். அவர் புரூஃப் தாள்களைச் சுருட்டி, றப்பர் பாண்ட் போட்டு, மேசைக்கு இந்தப்பக்கம் எறிந்தார். எடுத்துக்கொண்டு போகச் சொன்னார். எடுத்துக்கொண்டு போனேன்.

திரும்பி வருகிற பஸ்ஸில் சனம் நெருக்கியடித்தது. யன்னலோர சீட் கிடைத்தது. பக்கத்தில் ஒரு பெண், மடியில் கறிவேப்பிலைக் கட்டு. அவர் எந்த மொழிக்காரர் என்று எனக்குத் தெரியாது. என்னை அவர் பார்க்கக்கூட இல்லை. நான் மனதுக்குள் முதலாளியைத் திட்டி, இன்னும் நல்ல வசனங்கள் கண்டுபிடித்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. அம்மா. அச்சகத்தில் பிரச்சினை என்று அங்கிருந்தே அவருக்கு ஒரு மெசேஜ் போட்டிருந்தேன்.

"பேப்பரெல்லாம் திருப்பி எடுத்திட்டியோ?"

"ஓ," என்றேன்.

மறுபக்கம் அம்மா சிரித்தார். அன்பான சிரிப்பில்லை.

"ஆர் உனக்குச் சொல்லித் தந்தது?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

அந்தப் பெண் இன்னும் முன்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தார். என் உதடுகள் திறந்தபடி இருந்தன. மூடினேன். எனக்கு மட்டும் கேட்கும்படி ஒருமுறை 'ம்' என்று சொல்லிப் பார்த்தேன். வெள்ளவத்தையில் இறங்கும்வரை புரூஃப் சுருளைப் பிரிக்கவில்லை.

இப்போது எனக்குப் பிழை தெரிகிறது. என் காப்பகப் பெண் முந்நூறு பக்கத்தில் ஒருதடவைகூட ம்-ஐ விழுங்கவில்லை. மற்ற எல்லோரும் விழுங்குவார்கள். இவள் மட்டும் உதட்டைச் சரியாக மூடிக்கொண்டு மாடி ஏறுவாள். அப்படி ஒருத்தி அந்தக் கிரகத்தில் இருக்க முடியாது. அவளை 'அவள்' என்று எழுதியதே நான் தப்பிப்பதற்குத்தான். நாளைக்கு முதல் அத்தியாயத்திலிருந்து அவளை 'நான்' ஆக்கிப் பார்க்கப்போகிறேன். முதல் பக்கத்திலேயே, தனக்குத் தெரியாமல், அவள் ஒரு 'ஓ' சொல்லவேண்டும். வேறு அச்சகம் தேடுவது அதற்குப் பிறகு. அதற்கு முதல், எழுதி முடிக்கிற ஒவ்வொரு அத்தியாயத்தையும் அம்மாவின் மேசையில் வைக்கப்போகிறேன், ஒரு சிவப்புப் பேனையோடு. நான் எங்கெல்லாம் பொய்யாக உதட்டை மூடியிருக்கிறேனோ அங்கெல்லாம் அவர் வெட்டட்டும். சண்டை வரும். வரட்டும்.